நம்ம சங்கு எந்தக் குடும்பம்?

புக்கிட் தெங்கா கோயில் தொண்டர்கள் சார்பாக, பூஜையில் ஊதும் சங்கைப் பற்றி ஒரு சின்ன சரித்திரம். பொறுமையா படிங்க. வலம்புரி வாங்க நினைக்கிறவங்களுக்கு உதவும்.

ஆங்கிலத்தில் சங்கை 'கோங்க்' என்கிறார்கள். அது கிரேக்கத்தில் இருந்து வந்த சொல். வடமொழியில் சங்கைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. ஆனா விஞ்ஞானிகள் 'உண்மையான கோங்க்' என்று வைத்திருக்கும் ஸ்ட்ரோம்பிடே குடும்பத்தில் நம்ம சங்கு இல்லை! அதில் இருப்பது, இங்கே கடல் உணவுக் கடையில் வேகவைத்துத் தரும் சிப்புட் கோங்கோங்.

1758-ல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் கோங்கோங்கை 'ஸ்ட்ரோம்பஸ்' என்ற பேரினத்தில் சேர்த்தார். 1960-ல் அமெரிக்கர் அபோட், ஓடு வழவழப்பா இருக்கும் வகைகளை 'லேவிஸ்ட்ரோம்பஸ்' என்று அதற்குள் ஒரு துணைப்பிரிவாக வைத்தார். இப்போ அது தனிப் பேரினம். இந்தக் குடும்பத்துக்கு அடையாளம் உண்டு: ஓட்டின் உதட்டில் கண் எட்டிப் பார்க்க ஒரு வெட்டு, மணலில் ஊன்றித் தாவ நகம் மாதிரி ஒரு மூடி. பாசி மேயும்.

நம்ம சங்கு வேறு வழி. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்காரர்கள் முக்குளித்து எடுக்கும் இது மணலில் புழு பிடித்துத் தின்னும். லமார்க் 1799-ல் ஏற்படுத்திய 'டர்பினெல்லா' என்ற பேரினத்தில் இருக்கு. உள்ளே நடுத்தண்டில் மூன்று, நாலு மடிப்பு தெளிவா தெரியும். இதை மனசில் வைங்க.

வால் முனை மேலே, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் வலம்புரியின் வாய் வலது பக்கம் வரும். விஞ்ஞானிகள் உச்சியை மேலே வைத்துப் பார்ப்பதால், அவர்களுக்கு அது இடதுசுழி. நம்ம இனத்தில் இடதுசுழி மிக அபூர்வம். ஆனா அமெரிக்கக் கடற்கரையில் ஒரு நத்தை இருக்கு. அதற்கு இடதுசுழிதான் பிறவிக் குணம். ஏராளமா கிடைக்கும். அதைத்தான் 'வலம்புரி' என்று சொல்லி ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விற்கிறார்கள். கடன் வாங்கி வாங்குறவங்களும் உண்டு.

தொழிற்சாலையில் பொருளை அளந்து பார்க்காமல் நாம கையெழுத்து போடுவதில்லை. சங்குக்கும் அதே முறைதான். வாய்க்குள் டார்ச் அடிச்சுப் பாருங்க. நடுத்தண்டில் அந்த மூன்று, நாலு மடிப்பு இல்லையா, அது நம்ம சங்கு இல்லை. எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் திருப்பிக் கொடுத்திடுங்க.

இன்னொன்று. கார்த்திகைச் சோமவாரத்தில் 108 சங்காபிஷேகத்துக்கு அடுக்குவதில் பெரும்பாலானவை சாதாரண இடம்புரிச் சங்குகள்தான். அந்த நீரைத்தான் சுவாமி ஏற்றுக்கொள்கிறார். வீட்டுப் பூஜைக்கும் அது போதும். கடன்பட்டு யாரும் வலம்புரி தேட வேண்டாம்.

வீட்டில் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.