டேங்க் கிளீனர் மீன் எப்போது முட்டையிடும்? உக்கடம் குளத்தில் விடலாமா?

தொட்டியில் விட்ட கெளுத்தி நல்லா வளர்ந்துடுச்சு, ஆனா குஞ்சு மட்டும் வரல! அக்வேரியம் வைத்திருக்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. கடையில் எல்லாமே 'கெளுத்தி'தான் என்றாலும், இனத்துக்கு இனம் பருவம் மாறும். வயதோடு உடல் அளவும் முக்கியம்.

கோரிடோராஸ்

தரையை மோந்துகொண்டே கூட்டமாகச் சுற்றும் சின்னக் கெளுத்தி இது. சுமார் 9 மாதம் முதல் ஒரு வருடத்தில் தயாராகிவிடும். பெண் மீன் கொஞ்சம் பெருசா, வயிறு உருண்டையா இருக்கும். சற்றுக் குளிர்ந்த தண்ணீர் மாற்றினால், மழை வந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடியில் முட்டை ஒட்டும். முட்டையைத் தனியாக எடுக்காவிட்டால் பெரிய மீன்களே தின்றுவிடும்.

பிரிசில்நோஸ்

ஏறக்குறைய ஒரு வருடம், 7 முதல் 8 செ.மீ. நீளம் வந்தால் பருவம். ஆணின் மூக்கில் கிளை விட்ட மீசை போல முளைத்திருக்கும். குகை மாதிரி ஒரு மண்குழாய் வைத்தால் போதும். உள்ளே பெண் முட்டையிட, ஆண் காவல் காக்கும்.

டேங்க் கிளீனர்

சக்கர் மீன் என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்க ஆறுகள்தான் இதன் சொந்த ஊர். 2 இன்ச் குஞ்சாக வாங்கி வந்தால், ஒன்றரை அடி வரை வளரும். பருவத்துக்கு வர சுமார் 25 செ.மீ. நீளம் வேண்டும். அப்படியே வளர்ந்தாலும் வீட்டுத் தொட்டியில் முட்டையிடாது. காரணம், மண் கரையில் ஆழமாக வளை தோண்டித்தான் இது முட்டையிடும்.

குளத்தில் விட்டால் என்ன ஆகும்?

தொட்டியில் கிடைக்காத மண் கரை குளத்தில் கிடைத்துவிடும். அங்கே ஒரு பெண் மீன் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வளைகளால் கரை அரிக்கும். கவசம் போன்ற உடல் என்பதால் வலை கிழியும். சாக்கடை கலந்து ஆக்ஸிஜன் குறைந்த தண்ணீரிலும், மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும்.

மெக்சிகோவின் இன்ஃபியர்னில்லோ நீர்த்தேக்கத்தில் ஜிலேபி மீன் பிடித்து வாழ்ந்த மீனவர்களின் வலையில் ஒரு கட்டத்தில் சக்கர் மீன்களே நிறைந்தன. பக்கத்தில் கேரளாவிலும், திருவனந்தபுரம் சாக்கை கால்வாயில் இந்த மீன் பெருகியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் எல்லாமே வாய்க்கால்களால் நொய்யலோடு இணைந்தவை. நொய்யல் திருப்பூர் வழியாகப் போய் காவிரியில் கலக்கிறது. ஒரு குளத்தில் விட்ட மீன் அங்கேயே நிற்கும் என்று சொல்ல முடியாது.

அப்போ என்ன செய்யலாம்?

பாசி தின்ன மீன் வேண்டுமென்றால், 12 முதல் 15 செ.மீ.யோடு நின்றுவிடும் பிரிசில்நோஸ் கேட்டு வாங்கலாம். ஏற்கெனவே சக்கர் மீன் பெருசாகிவிட்டதா? வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். பாவம் பார்த்துக்கூட குளத்தில் மட்டும் விட்டுடாதீங்க!