முப்பது வளைவுகள்

கோவை நேரு ஸ்டேடியத்தில் பையன்களிடம் ஆசிய உள்ளரங்கத் தடகளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், யாராவது ஒருவன் கேட்டுவிடுவான்: “ஏனுங்க மாஸ்டர், இந்தக் கிரவுண்டுக்கு மேல கூரை போட்டா இண்டோர் ஆயிடுமுங்களா?”

ஆகாது கண்ணு. வெளியில் ஒரு சுற்று 400 மீட்டர், உள்ளே 200. சாம்பியன்ஷிப்களில் நீண்ட ஓட்டம் என்று அங்கே வைப்பது 3000 மீட்டர்தான். அதற்குப் பதினைந்து சுற்று, முப்பது வளைவு. வெளித்தடத்தில் வளைவின் ஆரம் 36.5 மீட்டர், உள்ளே சுமார் 17 மீட்டர்தான். வேகம் குறையாமல் திரும்புவதற்காக வளைவை வெளிப்பக்கம் உயர்த்திச் சாய்வாகக் கட்டுகிறார்கள். இரண்டாவது தடத்துக்குத் தள்ளப்பட்டால் வளைவுக்கு மூன்று மீட்டர் கூடுதல். முப்பது வளைவையும் அப்படியே ஓடினால் தொண்ணூறு மீட்டர் வீண். நெஞ்சுரம் எவ்வளவு இருந்தாலும், இடம் பிடிக்கத் தெரியாதவன் அங்கே தோற்பான்.

இது குளிர்நாட்டுக்காரர்கள் வளர்த்த ஆட்டம். பனி மூடிய மாதங்களில் ஓட வேறு இடமில்லாமல் கூரைக்குள் போனார்கள். ஐரோப்பிய உள்ளரங்க விளையாட்டு 1966-ல் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் தொடங்கி, 1970-ல் வியன்னாவில் சாம்பியன்ஷிப் ஆனது. ஆசியாவுக்கு அது வர 2004 ஆயிற்று. முதல் போட்டி தெஹ்ரானில். ரேஸ்கோர்ஸ் சாலையில் ஆண்டு முழுக்க ஓடக்கூடிய கோயமுத்தூர்க்காரனுக்குக் கூரை எதற்கு என்றுதான் நாமும் இருந்துவிட்டோம்.

அப்படியிருந்தும் நம் மாநிலத்து ஆள் ஒருவர் அந்தக் கூரைக்குள் போய் ஜெயித்தார். புதுக்கோட்டை கோவிந்தன் லட்சுமணன். 2017 ஜூலையில் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அந்தப் புழுக்கத்தில் ஒன்றை வெல்வதே பெரும்பாடு. அதே ஆண்டு செப்டம்பரில் துர்க்மெனிஸ்தானின் அஷ்காபாத்தில் ஆசிய உள்ளரங்க, தற்காப்புக் கலை விளையாட்டுகள் நடந்தன. அங்கே 3000 மீட்டரிலும் தங்கம் அவருக்கே. திறந்த வெளியிலேயே வளர்ந்த கால்கள் அவருடையவை. அந்த நெருக்கமான வளைவுகளில் ஆசியாவையே பின்னுக்குத் தள்ளியதை நான் புவனேஸ்வர் வெற்றிக்கு ஒரு படி மேலேயே வைப்பேன். ஆனால் ஊரில் பலரும் நினைவில் வைத்திருப்பது அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் நடந்ததைத்தான். ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், தடத்தின் உள்கோட்டுக்கு அப்பால் கால் வைத்தார் என்று வெண்கலத்தைப் பறித்துவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

2025 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்துக் குல்வீர் சிங் பாஸ்டனில் ஓர் உள்ளரங்கத் தடத்தில் 5000 மீட்டரை 12 நிமிடம் 59.77 விநாடியில் ஓடினார். பதின்மூன்று நிமிடத்துக்குள் அந்தத் தூரத்தை முடித்த முதல் இந்தியர் அவர். காற்று வீசாத, சூடு ஏறாத அரங்கம் ஓட்டக்காரனுக்கு என்ன தரும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கொங்குப் பக்கம் 200 மீட்டர் என்றதும் ரேக்ளா வண்டிப் பந்தயம் ஞாபகம் வரும். காளைகளுக்கு அந்தத் தூரத்தைத் துல்லியமாக அளந்து கோடு போடத் தெரிந்தவர்கள் நாம். ஓட்டக்காரர்களுக்கும் போடலாம். உள்ளரங்கத் தடத்தை நிரந்தரமாகத்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. சட்டங்களாகச் செய்து, வேண்டும்போது பூட்டி, முடிந்ததும் கழற்றி வைக்கும் தடங்கள் உலகமெங்கும் உண்டு. இரும்பு வேலைக்குக் கணபதியிலும் பீளமேட்டிலும் இல்லாத பட்டறையா? நடுவில் தூண் இல்லாத அரங்கம் அவிநாசி சாலையில் கொடிசியா கண்காட்சி வளாகத்தில் இருக்கிறது. எந்திரக் கண்காட்சி இல்லாத ஒரு மாதத்தை மட்டும் ஒதுக்கினால் போதும். தொழிலதிபர்களே, நம் பிள்ளைகள் அந்த வளைவை வெளிநாட்டில் போய் முதல்முறை பார்க்க வேண்டாம். இங்கேயே ஒன்று செய்து கொடுங்கள்.