நமட்டுச் சிரிப்பின் வரலாறு

‘நாலு நாள் லீவு, பாங்காக் போறேன்’ என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். சிங்கப்பூர் என்றால் ‘பார்த்து செலவு பண்ணு’ என்பார்கள். பாலி என்றால் ‘ஹனிமூனா?’ என்பார்கள். பாங்காக் என்றால் மட்டும் ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். ‘என்னப்பா, மசாஜா?’ கேட்டவர் சிரிப்பார், பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பார், போகிறவரும் கொஞ்சம் நெளிந்தபடி சிரித்துவைப்பார்.

அந்தச் சிரிப்புக்கு வயது அறுபதுக்குள்தான். சிரிக்கப்படும் அந்தக் கலைக்கு வயது பல நூறு.

1687இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதராக சிமோன் டி லா லூபேர் என்பவர் சயாமுக்கு வந்தார். அப்போது தலைநகரம் பாங்காக் அல்ல, அயுத்தயா. சில மாதங்களே தங்கினாலும் கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொண்டு போய், 1691இல் புத்தகமாகப் போட்டார். சயாமியர்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் வேலையாக, விவரம் தெரிந்த ஒருவரை வரவழைத்து உடம்பு முழுக்கப் பிடித்துவிடச் சொல்கிறார்கள், அவர் நோயாளி மேலே ஏறி நின்று காலால் மிதிக்கவும் செய்கிறார் என்று அதில் ஆச்சரியத்தோடு எழுதியிருக்கிறார்.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தாத்தா குப்புறப் படுத்துக்கொண்டு ‘ஏறி மிதிடா’ என்று சொல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் நடந்த பேரன்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அயுத்தயாவில் அது வீட்டு வைத்தியத்தோடு நிற்கவில்லை. அரண்மனையில் பிடித்துவிடும் வைத்தியர்களுக்கென்று தனித்துறையே இருந்தது. அதிகாரிகளின் தகுதியை எண்ணால் அளக்கும் ‘சக்தினா’ முறையில் அவர்களுக்கும் ஓர் எண் இருந்தது. அரசகுலத்தாரைத் தொடுவதற்குத் தனி ஒழுங்கு. கைகளால் மட்டுமே அழுத்த வேண்டும், உடம்பு ஒட்டாமல் தள்ளி உட்கார வேண்டும். ஊராருக்குச் செய்யும்போது முழங்கை, முட்டி, பாதம் எல்லாம் வரலாம். தாய்லாந்தில் இந்த இரண்டு பாணிகளும் இன்றுவரை இருக்கின்றன.

1767இல் பர்மியப் படை அயுத்தயாவை எரித்தது. அரண்மனையோடு சுவடிகளும் போயின. பதினைந்து வருடம் கழித்து, 1782இல் முதலாம் ராமா சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில் பாங்காக்கைத் தலைநகரமாக்கினார். புதிய ஊர் என்பதைவிட, தொலைந்துபோன ஊரை நினைவிலிருந்து எழுப்பிய முயற்சி என்று அதைச் சொல்லலாம். ‘எரிந்தால் எல்லாம் போய்விடும்’ என்ற பாடத்தை அந்த ராஜவம்சம் மறக்கவே இல்லை.

அந்தப் பயத்தின் விளைவை இன்று நீங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறீர்கள். அதுதான் வாட் போ. 46 மீட்டர் நீளப் பள்ளிகொண்ட புத்தரோடு போட்டோ எடுத்துவிட்டு, நூற்றெட்டு உலோகக் கிண்ணங்களில் காசு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். கொஞ்சம் நின்று சுற்றியுள்ள மண்டபங்களையும் பாருங்கள். மூன்றாம் ராமா 1830களில் இந்தக் கோயிலைப் பெரிய அளவில் புதுப்பித்தபோது, தன் நாட்டுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னார். புத்த சமயம், வரலாறு, யாப்பு, நீதி, மருத்துவம் எல்லாமே. இப்படி ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. தாய்லாந்தின் முதல் பொதுப் பல்கலைக்கழகம் என்று இந்தக் கோயிலைச் சொல்வது அதனால்தான்.

அவற்றில் அறுபது பலகைகள் மசாஜுக்கானவை. மனித உருவம், அதன் மேல் ஓடும் கோடுகள், அழுத்த வேண்டிய புள்ளிகள், எந்தப் புள்ளி எந்த நோய்க்கு என்ற குறிப்புகள். அந்தக் கோடுகளைத் தாய் மொழியில் ‘சென்’ என்கிறார்கள். முக்கியமானவை பத்து. முதல் மூன்றின் பெயர்களைக் கேளுங்கள்: இத்தா, பிங்கலா, சுமனா. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இடகலை, பிங்கலை, சுழுமுனை. நம் சித்தர்கள் சொல்லும் தசநாடிகளும் பத்துதான்.

உடனே ‘பார்த்தீங்களா, எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான்’ என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். பெயர்கள் இந்திய மண்ணிலிருந்து கடல் தாண்டிப் போயின, சரி. ஆனால் வாட் போவின் கோடுகள் தொப்புளைச் சுற்றித் தொடங்கி கைகளுக்கும் கால்களுக்கும் கிளை பிரிகின்றன. மூச்சை அடக்கி தியானிக்கும் யோகிக்கான வரைபடம் அல்ல அது. வயலில் குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டவருக்கான வரைபடம். பெயரைக் கடன் வாங்கி வேலையை மாற்றிவிட்டார்கள். தாய் மசாஜ்காரர்கள் குருவாக வணங்குவதும் புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரைத்தான்.

கோயில் வளாகத்தில் இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். செயற்கைக் குன்றுகளின் மேல் சின்னச் சின்ன ரிஷி சிலைகள். ஒருவர் கழுத்தைத் திருகியிருப்பார், ஒருவர் காலைத் தூக்கித் தோளில் போட்டிருப்பார். 1836இல் உலோகத்தில் வார்த்தபோது எண்பது சிலைகள் இருந்தன. இன்று எஞ்சியவை மிகச் சில. ஒவ்வொரு சிலைக்கும் ஒரு பாட்டு உண்டு. இந்த வலிக்கு இப்படி வளை, அந்தப் பிடிப்புக்கு அப்படி நீட்டு என்று சொல்லும் பாட்டு.

மூன்றாம் ராமா செய்த பெரிய காரியம் கல்லில் எழுதியதுகூட இல்லை. எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் எழுதியதுதான். நம் சித்த மருத்துவச் சுவடிகளில் பாதி பரிபாஷையில் இருக்கும். குரு வாய் திறந்தால்தான் பொருள் விளங்கும், வாய் திறக்காமல் போய்ச் சேர்ந்தால் அவ்வளவுதான். தகுதியில்லாதவன் கையில் கிடைத்துவிடக் கூடாது என்ற கவலை நம்முடையது. யார் கைக்குமே கிடைக்காமல் போய்விடக் கூடாது என்ற கவலை அவருடையது. இரண்டும் நியாயமான கவலைகளே. இரண்டாவது கவலை கொண்ட ஊரில் அறிவு மிஞ்சியது.

ஆனால் கல் காப்பாற்றுவது எழுத்தை மட்டும்தான், மரியாதையை அல்ல. 1888இல் பாங்காக்கில் சிரிராஜ் மருத்துவமனை திறந்தது. மேற்கத்திய மருத்துவம் நிலைகொண்டது. 1923இல் மருத்துவத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபோது நாட்டு வைத்தியர் பலர் தொழிலை விட்டு ஒதுங்கினார்கள். 1936இல் வந்த சட்டம் மருத்துவத்தை இரண்டாகப் பிரித்தது. ஒன்று ‘தற்கால முறை’, இன்னொன்று ‘பேன் போரான்’. போரான் என்பது வேறொன்றுமில்லை, நம் ‘புராண’தான். பாங்காக் தெருக்களில் இன்றும் காணும் ‘நுவாட் பேன் போரான்’, அதாவது ‘பழங்கால முறை மசாஜ்’ என்ற பலகையில் இருப்பது அந்தச் சட்டம் ஒட்டிய லேபிள். நேற்றுவரை வெறும் வைத்தியமாக இருந்தது, ஒரு சட்டத்தால் ‘பழசு’ ஆனது.

பழசாக்கிய அதே காலத்தில் அரசு புதுசாகவும் சிலதைச் செய்துகொண்டிருந்தது. பீபுன்சோங்க்ராம் என்ற ராணுவக்காரர் 1938இல் பிரதமரானார். 1939இல் சயாம் ‘தாய்லாந்து’ ஆனது. தொப்பி போடு, வெற்றிலைபாக்கை விடு என்று மக்களுக்கு அடுத்தடுத்து உத்தரவுகள். 1941 செப்டம்பரில் வந்த ஆணை ஒன்று, குடிமக்கள் ஒரு நாளில் எத்தனை வேளை சாப்பிட வேண்டும் (நாலுக்கு மேல் கூடாது), எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் (ஆறிலிருந்து எட்டு) என்றுகூடச் சொன்னது. இன்று வெல்னஸ் ஆப்கள் சொல்வதை அன்று ஒரு சர்வாதிகாரி சொல்லியிருக்கிறார்.

உலகப்போர்க் கால அரிசித் தட்டுப்பாட்டில், நூடுல்ஸ் சாப்பிடுங்கள் என்று அதே அரசு பிரசாரம் செய்தது. நூடுல்ஸும் அதை வாணலியில் புரட்டும் முறையும் சீனக் குடியேறிகள் கொண்டுவந்தவை. புளி, பனைவெல்லம், மீன் சாறு, காய்ந்த இறால், வறுத்த வேர்க்கடலை சேர்ந்து உள்ளூர் ருசி ஆனது. பெயரிலும் நாடு ஏறிக்கொண்டது: பட் தாய். முழுப்பெயர் ‘குவேய்தியாவ் பட் தாய்’. அந்த முதல் சொல் இன்றும் சீனச் சொல்தான். 2002இல் அரசே முனைந்து உலகமெங்கும் தாய் உணவகங்களைப் பெருக்கத் திட்டம் போட்டது. எண்பது வருடச் சொச்ச வயதுள்ள இந்தப் பண்டத்தை, ஆதிகாலத்துத் தாய் உணவு என்று நம்பி நாம் தட்டு காலி செய்கிறோம். அதில் தப்பில்லை, ருசி பொய் சொல்லவில்லையே. பழமை மட்டும் கொஞ்சம் புதுசு.

இனி நமட்டுச் சிரிப்புக்கு வருவோம். தாய்லாந்தில் 1960இல் விபசாரத் தடைச் சட்டம் வந்தது. 1966இல் இன்னொரு சட்டம், மசாஜ் நிலையங்களைக் கேளிக்கை விடுதிகளோடு சேர்த்து லைசென்ஸ் கொடுத்தது. முன்வாசலை மூடிப் பின்வாசலைத் திறந்த கதை. 1967இல், வியட்நாமில் சண்டையிடும் அமெரிக்க வீரர்களை ஓய்வுக்குத் தாய்லாந்துக்கு அனுப்ப இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. போர்க்களத்திலிருந்து நேராக ஐந்து நாள் பாங்காக். பையில் டாலர், வயது இருபது. அவர்களுக்காகவே ஒரு தொழில் வளர்ந்தது. வறண்ட வடகிழக்குப் பகுதியான இசானின் கிராமங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். ‘மசாஜ்’ என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் ஏறியது. போர் முடிந்து வீரர்கள் போனார்கள், அர்த்தம் போகவில்லை. அதன் பிறகு முறையாகக் கற்று முழங்காலில் நின்று உழைத்த பெண்ணும் தன் கடை வாசலில் ‘போரான்’ என்று எழுதிவைக்க வேண்டியதாயிற்று. ‘இங்கே அது கிடையாது’ என்பதற்கு நாகரிகமான வார்த்தை அது. 1936இல் மட்டம் தட்ட ஒட்டிய லேபிள், கவசமாக மாறியது.

மீட்சியும் அதே வாட் போவில்தான் தொடங்கியிருந்தது. 1955இல் அங்கே மரபு மருத்துவப் பள்ளி திறந்தார்கள். 1978இல் அல்மா ஆட்டா பிரகடனம் நாட்டு வைத்தியர்களுக்கும் ஆரம்ப சுகாதாரத்தில் இடமுண்டு என்றது. 2011இல் வாட் போ கல்வெட்டுகள் யுனெஸ்கோவின் ‘உலக நினைவுப் பதிவேட்டில்’ சேர்ந்தன. 2019இல் ‘நுவாட் தாய்’ மானுடத்தின் அருவ மரபுகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. முதல் அங்கீகாரம் கல்லுக்கு, எட்டு வருடம் கழித்தே கைக்கு.

இந்த வரிசையை யோசிக்கும்போது நம்மூர் ஞாபகம் வராமல் இருக்காது. தமிழ்நாட்டில் காயத்துக்குக் கட்டுப்போட்டவர், ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்த மருத்துவச்சி பெரும்பாலும் யார்? நாவிதர் குடும்பத்தினர். ‘மருத்துவர்’ என்றே பெயர் வைத்துக் கூப்பிட்டுவிட்டு, அவர்களைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தினோம். அடுத்தவர் உடம்பைத் தொட்டு வலியைப் போக்குபவர் நம்மைவிடத் தாழ்ந்தவர் என்ற நினைப்பு நமக்குள் அமெரிக்கச் சிப்பாய்க்கு முன்பிருந்தே இருக்கிறது. பாங்காக் என்றதும் வரும் சிரிப்பில் 1967 பாதி, அந்த நினைப்பு பாதி.

வாட் போவின் கல்லில் எங்கே அழுத்த வேண்டும் என்று இருக்கிறது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்று எந்தக் கல்லிலும் எழுத முடியாது. அது ஒரு கட்டைவிரலிலிருந்து இன்னொரு கட்டைவிரலுக்கு மட்டுமே போகும். கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் படுத்திருப்பவர் காசு கொடுப்பது அந்த ‘எவ்வளவு’க்குத்தான். படுத்திருக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம். எழுந்ததும், பிடித்துவிட்டவரின் முகத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடலாம். அங்கே அதற்கு ‘வாய்’ என்று பெயர்.