அணை மட்டமும் நாலு மில்லி ஆம்பியரும்

பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு அணை நீர்மட்டத்தைத் தேடுகிற பழக்கம் நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு உண்டு. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் 18 அடி என்று முழு மட்டமெல்லாம் மனப்பாடம். பேச்சிப்பாறை 42 அடியைத் தொட்டால் போதும். மறுகால் எப்போது திறப்பார்கள், திற்பரப்பில் குளிக்க விடுவார்களா, குழித்துறை ஆற்றில் எவ்வளவு ஏறும் என்று அருமனை டீக்கடையில் பேச்சு தொடங்கிவிடும். இந்த அடிக்கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதை என் தொழிலோடு சேர்த்து எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

பேச்சிப்பாறை அணை ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் 1906இல் முடிந்தது. கட்டிய எஞ்சினியர் மிஞ்சின். நம்மவர் வாயில் அவர் மூக்கன் துரை. அவருடைய சமாதியும் அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் மட்டம் பார்ப்பதற்கு என்ன கருவி? அடியும் அங்குலமும் குறித்த அளவுகோல்தான். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதை ஒருவர் கண்ணால் பார்த்து நோட்டில் எழுதுவார். பழுதாக அதில் எதுவும் இல்லை.

ஆனால் அளவுகோலை எந்த இடத்தில் தொடங்குவது என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். நாகர்கோவிலுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் முக்கடல் அணையைப் பாருங்கள். கடும் கோடையில் ‘மைனஸ்’ இத்தனை அடி என்று போடுவார்கள். பூஜ்யத்துக்குக் கீழே தண்ணீர் எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் உண்டு. தண்ணீர் அங்கே தீரவில்லை, அளவுகோல் அங்கே தொடங்குகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பூஜ்யம்தான் கருவித் தொழிலின் பெரிய விவகாரம். நான் வளைகுடாவில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் சேர்ந்தபோது பழைய பிளான்டுகளில் செம்புக் குழாயில் காற்றழுத்தம் வழியாகத்தான் அளவு போய்க்கொண்டிருந்தது. சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு என்றால் பூஜ்யம், 15 பவுண்டு என்றால் முழு அளவு. பூஜ்யத்தைப் பூஜ்யத்திலேயே வைக்காமல் 3இல் வைத்தது ஏன்? குழாய் உடைந்தாலும் அழுத்தம் பூஜ்யம், தொட்டி காலியானாலும் பூஜ்யம் என்றால் இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? 3 இருந்தால் தொட்டி காலி, அதற்கும் கீழே விழுந்தால் குழாயில் கோளாறு. இதை உயிருள்ள பூஜ்யம் என்பார்கள். அந்தப் பெயர் எனக்கு இன்றும் பிடிக்கும்.

பிறகு மின்சாரம் வந்தது. 1970களில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்பது உலகம் முழுக்க நிலைத்தது. 3க்கும் 15க்கும் உள்ள அதே ஒன்றுக்கு ஐந்து கணக்குதான் இது. வோல்டேஜாக அனுப்பினால் நீள ஒயரில் வழியிலேயே குறைந்துபோகும். ஒரே சுற்றில் ஓடும் கரன்ட் எங்கே அளந்தாலும் ஒன்றுதான். ஆகவே அணைக்கட்டின் உச்சியில் இருக்கும் கருவியும் கீழே அலுவலக அறையில் இருக்கும் கன்ட்ரோலரும் இரண்டு ஒயரில் பேசிக்கொள்ள முடிந்தது.

கன்ட்ரோலரின் கதை தனி. 1968இல் அமெரிக்காவின் மாசசூசெட்சில் டிக் மார்லியும் கூட்டாளிகளும் யோசித்த மோடிகான் 084, கார் தொழிற்சாலையில் அலமாரி அலமாரியாக இருந்த ரிலேக்களுக்குப் பதிலாக வந்தது. கார்டு கார்டாகச் செருகி வளர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதில் பெரிய விஷயம். இன்றைய கண்காணிப்புக் கன்ட்ரோலர்களும் அப்படித்தான். முதலில் நாலு உள்ளீடு வாங்கலாம். மழைமானி, மதகு திறப்பு, இன்னொரு அணையின் மட்டம் என்று சேரச் சேரக் கார்டு சேர்க்கலாம்.

வாங்கி மாட்டினால் மட்டும் ஓடாது. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் அர்த்தம் சொல்லிக்கொடுக்க வேண்டும். கணக்காகவே சொல்கிறேன். 50 அடி வரை அளக்கும் கருவியை ஒரு அணையில் தொங்கவிடுகிறோம். 4 என்றால் 0 அடி, 20 என்றால் 50 அடி. ஒரு அடிக்கு 0.32 மில்லி ஆம்பியர். 42 அடிக்கு 17.44 வரும். இப்போது, அணையின் முழு மட்டம் 48தானே என்று நினைத்து ஒருவர் 20க்கு எதிரே 48 என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் உண்மையில் 42 அடியில் நிற்கும்போது திரையில் 40.3 என்றுதான் தெரியும். கருவி நல்ல கருவி, ஒயர் நல்ல ஒயர், எச்சரிக்கை மணி மட்டும் அடிக்காது. சில மாடல்களில் நடுவே ஒரு கார்டு செருகினால் பின்னால் இருப்பவற்றின் எண் மாறிவிடும். அதைத் திருத்தாவிட்டால் பெருஞ்சாணியின் மட்டம் சிற்றாறு பெயரில் வரும். முக்கடல் மாதிரி அணையில் 4க்கு எதிரே பூஜ்யம் என்று எழுதினால், கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்கினாலும் திரை பூஜ்யத்திலேயே நிற்கும். கருவியை ஆழத்தில் இறக்கி, 4க்கு எதிரே மைனஸ் கணக்கை எழுத வேண்டும்.

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து டாம் சாக் கதை. மலை உச்சியில் ஒரு நீர்த்தேக்கம். இரவில் கீழிருந்து தண்ணீரைப் பம்பு செய்து ஏற்றி, பகலில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். மட்டம் பார்க்கும் கருவிகள் இருந்த குழாய்கள் பிடிப்பு விட்டு வளைந்துவிட்டன. திரையில் மட்டம் உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்தது. கடைசிப் பாதுகாப்புக்கு இருந்த இரண்டு உணரிகளோ, கரைச் சுவரின் மிகத் தாழ்ந்த இடத்தைவிட உயரத்தில் வைக்கப்பட்டிருந்தன. அதுவும் இரண்டும் சேர்ந்து நனைந்தால்தான் பம்பு நிற்கும் என்று கன்ட்ரோலரில் எழுதியிருந்தார்கள். 2005 டிசம்பர் 14 விடியற்காலையில் தண்ணீர் சுவரைத் தாண்டி வழிந்தது, கரை உடைந்தது. நூறு கோடி காலனுக்கு மேல் தண்ணீர் அரை மணி நேரத்துக்குள் மலையிலிருந்து இறங்கியது. கீழே இருந்த பூங்காக் கண்காணிப்பாளரின் வீடே அடித்துச் செல்லப்பட்டது. அவர், மனைவி, மூன்று குழந்தைகள் எல்லாரும் பிழைத்தார்கள். குளிர்காலம், கூடார முகாமில் ஆளில்லை. கோடை விடுமுறையில் நடந்திருந்தால் கணக்கு வேறு.

கவனியுங்கள், அங்கே ஒயர் அறுந்துபோகவில்லை. கரன்ட் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. உயிருள்ள பூஜ்யம் அறுந்த ஒயரைக் காட்டிக்கொடுக்கும், இடம் மாறிய பூஜ்யத்தைக் காட்டாது. அதைக் கண்டுபிடிக்கப் பக்கத்தில் இன்னொரு அளவு வேண்டும்.

நம் நாட்டில் 2016இல் தொடங்கிய தேசிய நீரியல் திட்டத்தில் அணைகளுக்கும் ஆறுகளுக்கும் தானியங்கிக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். நடுராத்திரி மழையில் கால் மணிக்கொரு தரம் மட்டம் பார்க்க எந்த மனிதனாலும் ஆகாது. ஆனால் கருவி மாட்டும் அன்று செய்கிற முதல் வேலை, பெயின்ட் அடித்த பழைய அளவுகோலைப் பார்த்து ஒரு எண், திரையைப் பார்த்து ஒரு எண், இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுவதுதான். மழைக்கு முன்னும் பின்னும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். அணைக்குப் போகிறவர்கள் அந்த அளவுகோல் எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள்.