வானம் பார்த்த மருத்துவம்

இன்புளூயன்சா என்று மருத்துவர் இன்று எழுதித் தரும் சொல்லுக்குள்ளே ஒரு சோதிடன் ஒளிந்திருக்கிறான் என்பதைத் தோழர்கள் பலர் அறியார். இத்தாலிய மொழியில் அதன் பொருள் 'செல்வாக்கு'. யாருடைய செல்வாக்கு? விண்மீன்களின் செல்வாக்கு! வானிலிருந்து ஏதோ ஒன்று வழிந்து மக்கள்மீது பாய்வதால்தான் ஊரே ஒரு சேரக் காய்ச்சலில் வீழ்கிறது என நம்பினர். 1743இல் இத்தாலியில் பரவிய நோயோடு சொல்லும் பரவி ஆங்கிலத்தில் குடியேறிற்று.

பாமரர் நம்பிக்கை என்று இதனைத் தள்ளிவிட இயலுமோ? கருஞ்சாவு எனும் பிளேக் ஐரோப்பாவைச் சூறையாடிய 1348இல், பிரெஞ்சு மன்னன் ஆறாம் பிலிப்பு, பாரிசுப் பல்கலைக்கழக மருத்துவ மேதைகளிடம் காரணம் கேட்டான். 1345 மார்ச் 20 அன்று கும்ப இராசியில் சனியும் வியாழனும் செவ்வாயும் கூடின, அதனால் காற்று நஞ்சாயிற்று என்றனர் கற்றறிந்த அப்பெருமக்கள்! நோயைச் சுமந்த தெள்ளுப்பூச்சி காலடியில். மேதைகளின் கண்களோ கும்பத்தில்.

1894இல் ஆங்காங்கில் எர்சின் என்பார் நுண்ணோக்கியின் வழியே பிளேக் கிருமியைக் கண்டார். 1933இல் மனிதரைத் தாக்கும் இன்புளூயன்சாவின் வைரசும் பிடிபட்டது. பெயர் நின்றது, பொருள் மாண்டது. பேரிடரைக் குறிக்கும் 'டிசாஸ்டர்' என்ற சொல்லின் வேரிலும் கெட்ட விண்மீனே இருக்கிறது. சொல்பவன் எவனும் இன்று வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. மூளையிலே 'அஸ்ட்ரோசைட்' எனும் உயிரணு உண்டு. வடிவத்தால் வந்த பெயர் அது. விண்மீனுக்கு அங்கே உவமை வேலை மட்டுமே!

நம் நாட்டில்? கோடைக் கொடுமையை 'அக்கினி நட்சத்திரம்' என்கிறோம். சுடுவது கதிரவன், பழி கார்த்திகை மீனுக்கு! போகட்டும், அதனால் எவரும் சாகவில்லை. 'கிரகம்' என்ற சொல்லோ அத்தகையதன்று. 'பற்றிக்கொள்வது' என்பது வடமொழியில் அதன் பொருள். கோளுக்கும் அதுவே பெயர். குழந்தையைப் பிடித்தாட்டும் ஆவிக்கும் அதுவே பெயர். சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல், குழந்தைகளைப் பற்றும் அத்தகைய கிரகங்கள் ஒன்பதை எண்ணிச் சொல்கிறது.

நூல் பழையது, அன்றைய அறிவு அவ்வளவே. ஆனால் 'கிரக தோஷம்' என்ற சொல் இன்றும் உயிரோடு உலவுகிறதே! குழந்தைக்கு வலிப்பு ஐந்து நிமிடம் நீடித்தாலே மருத்துவமனைக்கு விரையவேண்டிய ஆபத்து. விரையவேண்டிய கால்கள் சோதிடன் வீட்டுத் திண்ணையில் நிற்கின்றன. அவன் ஏட்டைப் புரட்டுகிறான், எட்டாம் இடத்தில் சனி என்கிறான், பரிகாரத்துக்கு நாள் குறிக்கிறான். தட்சிணையை மட்டும் அன்றே வாங்கிக்கொள்கிறான்.