பக்கவாட்டு வாசிப்பு

இணையத்தில் அறிமுகமில்லாத தளம் ஒன்றைக் கண்டால், அதிலேயே ஆழ்ந்துவிடாமல் புதிய தாவல்களைத் திறந்து, அதை நடத்துவோர் யார், அவர்களைப் பற்றிப் பிறர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் விசாரித்தறிவது பக்கவாட்டு வாசிப்பு எனப்படும். தகவல் சரிபார்ப்பாளர்களின் அன்றாடப் பழக்கமான இதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் ஆராய்ந்தனர்.

2017இல் வெளியான அவ்வாய்வில் முனைவர் பட்டம் பெற்ற 10 வரலாற்றாசிரியர்களும், 10 சரிபார்ப்பாளர்களும், 25 மாணவர்களும் பங்கேற்றனர். குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் பக்கங்கள் அவர்களுக்குக் காட்டப்பட்டன. ஒன்று 1930இல் தோன்றி, 60,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு. மற்றது, ஒருபாலினத் தம்பதியர் தத்தெடுப்பதை அவ்வமைப்பு ஆதரித்ததால் 2002இல் பிரிந்துபோன சிறு குழு. பெயரையும் பக்க அமைப்பையும் மட்டும் பார்த்தால் வேறுபாடு எளிதில் புலப்படாது. பின்னணியை வெளியே தேடிய சரிபார்ப்பாளர்கள் அனைவரும் பெரிய அமைப்பையே நம்பத்தக்கது என்றனர். மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவைத் தேர்ந்தெடுத்தனர். வரலாற்றாசிரியர்களிலும் பாதிப்பேரே சரியாகச் சொன்னார்கள். ஆவணத்தை வரிவரியாக ஆராயும் அவர்களது பயிற்சியே இங்கு காலை வாரிவிட்டது எனலாம்.

ஆசிரியர் பெயர், தேதி, சான்றுக் குறிப்பு, முகவரியின் ஈறு ஆகியவை உண்டா என்று பட்டியல் போட்டுப் பார்க்கும் பழைய முறை பெரும்பாலும் தளத்தின் சொல்லையே நம்புகிறது. இவற்றை யாரும் ஒட்டவைத்துவிடலாம். ‘டாட் ஆர்க்’ முகவரியை வணிக நிறுவனமும் பணம் கட்டிப் பெறலாம். சரிபார்ப்பாளர்கள் தேடல் முடிவுகளிலும் பொறுமை காட்டுகிறார்கள். முதலில் வந்ததைச் சொடுக்காமல், கீழே உள்ள சுருக்கங்களையும் படித்த பிறகே எதைத் திறப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

பல தளங்கள் ஒன்றையே சொல்வதாலும் ஒரு செய்தி உண்மையாகிவிடாது. தமிழில் இச்சிக்கல் கூடுதல்: சித்த மருத்துவக் குறிப்போ கோயில் வரலாறோ, ஒரே பத்தி எழுத்துப் பிழை மாறாமல் பல தளங்களில் கிடைக்கும். அவற்றைப் பத்துச் சான்றுகளாக எண்ணக் கூடாது. எல்லாம் ஒரே சான்றுதான். அப்போது மூலநூலுக்கே போவது நல்லது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியமும், நூலகம் தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.