எழுதுவது ஃபெதர்ஸ்டோன்ஹா, கூப்பிடுவது ஃபேன்ஷா!

ஊரை விட்டு வந்து வடக்கே குடியேறிய நம்ம எல்லாருக்கும் இந்த 'சர்நேம்' கட்டம் ஒரு தலைவலிதான். மகளின் பாஸ்போர்ட் படிவத்தில் வழக்கம் போல என் பெயரைப் போட்டேன். "அப்பா, இது உங்க பேருதானே? எப்படி குடும்பப் பேர் ஆகும்?" என்றாள். முழித்தேன். சரி, வெள்ளைக்காரனுக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று தேடியதில் சிக்கிய அபூர்வமான பெயர் இது.

ஆங்கிலத்தில் மொத்தம் 17 எழுத்து. எழுத்துக்கூட்டினால் ஃபெதர்ஸ்டோன்ஹா. அந்தப் பெயர் கொண்டவர்களில் பலர் சொல்வதோ ஃபேன்ஷா!

மூலம் ஒரு ஊர்தான். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில், தெற்கு டைன் ஆற்றங்கரையில் உள்ள ஃபெதர்ஸ்டோன். 'ஃபெதர்' என்றதும் இறகு என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் நான்கைக் குறித்த சொல்லின் திரிபு அது. 'ஸ்டோன்' கல். 'ஹா' ஆற்றோரத் தாழ்நிலம். காவிரிக்கரையில் படுகை என்போமே, அது மாதிரி. ஆக, நாலுகல் படுகை!

1066 நார்மன் படையெடுப்புக்குப் பிறகு, நிலம் வைத்திருந்தவர்கள் ஊர்ப்பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்வது மெல்லப் பரவியது. எழுத்து மட்டும் நிலைக்கவில்லை. 1538-ல் தேவாலயப் பதிவேடுகள் கட்டாயமான பிறகும், எழுதுகிறவர் காதில் விழுந்ததுதான் பெயர். 1834-ல் அமெரிக்க அரசின் முதல் நிலவியலாளரான ஜார்ஜின் பெயரில் நடுவே ஒரு 'இ' கிடையாது. சசெக்ஸில் அப்பார்க் மாளிகைக்குச் சொந்தக்காரரான சர் ஹாரியின் பெயரில் அந்த 'இ'யும் இல்லை, முன்னால் வரும் 'ஏ'யும் இல்லை.

இந்த ஹாரி கதைதான் சுவாரசியம். எழுபது வயதைத் தாண்டி, 1825-ல், தன் பால்பண்ணையில் வேலை பார்த்த மேரி ஆன் புல்லக்கைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தை இல்லை. மேரி 1874-ல் இறந்ததும் சொத்து அவர் தங்கை ஃபிரான்சிஸுக்குப் போனது. அவர் 'புல்லக்'கை விட்டுவிட்டு ஹாரியின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்துச் சொத்தைப் பெற்ற டர்னர், மீட் இருவரும் தங்கள் பெயரோடு இதையும் ஒட்டவைத்துக்கொண்டார்கள். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், சொத்தோடு பெயரும் கைமாறியது!

"பார்த்தாயா, ஊர்ப்பெயர்தான் அவங்களுக்குக் குடும்பப் பெயர் ஆச்சு" என்று மகளிடம் சொன்னேன்.

"அப்போ நம்ம ஊர் பேரையே போட்டிருக்கலாமே அப்பா?"

படிவத்தை முந்தின நாளே கொடுத்தாகிவிட்டது :-)